த்ராட்டில் பாடியை லேத்துக்கு அனுப்பும் முன்

ஆக்ஸிலரேட்டர் மிதியை மிதித்ததும் உள்ளே ஒரு தகடு ஷாஃப்டோடு திரும்பி இன்ஜினுக்குக் காற்று விடும் குழாய்தான் த்ராட்டில் பாடி. அதைக் குடைந்து பெரிதாக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: உங்கள் இன்ஜினுக்குக் காற்று அங்கேதான் தடைபடுகிறதா? தடை வேறெங்கோ இருந்தால் லேத் கூலியும் வீண், பழைய வண்டியில் எளிதில் மாற்றுக் கிடைக்காத ஒரு நல்ல பாகமும் வீண்.

இங்கே சொல்வதெல்லாம் கேபிளில் இயங்கும் த்ராட்டிலுக்கு. கணக்குக்கு மாருதி ஜிப்ஸி கிங்கின் ஜி13பிபி இன்ஜினை எடுத்துக்கொள்வோம்: 1,298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் முறை), 6,000 ஆர்பிஎம்மில் 80 குதிரைத்திறன். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். அப்படிப் பார்த்தால் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,894 லிட்டர். சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் நொடிக்குச் சுமார் 55 லிட்டர். துளையின் விட்டம் 50 மி.மீ. என்று வைப்போம்; உங்களுடையதை வெர்னியரில் அளந்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பரப்பு 1,963 சதுர மி.மீ. தகட்டைத் தாங்கிக் குறுக்கே ஓடும் 8 மி.மீ. ஷாஃப்ட் அதில் 400-ஐ அடைத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள வழியில் காற்று நொடிக்குச் சுமார் 35 மீட்டர் வேகத்தில் போகிறது. இந்த வேகத்தில் இழக்கும் அழுத்தம் 1 கிலோபாஸ்கலுக்கும் குறைவு. வளிமண்டல அழுத்தமே 100 கிலோபாஸ்கலை ஒட்டியது என்பதால், 1 கிலோபாஸ்கலை முழுதாக மீட்டாலும் சக்தி ஏறக்குறைய 1 சதவீதம்தான் கூடும். 80 குதிரைத்திறனில் அது 0.8.

கேம்ஷாஃப்ட் மாற்றி, ஹெட் போர்ட்டிங் செய்து (சிலிண்டர் ஹெட்டின் காற்று வழிகளைச் செதுக்கி), 7,500 ஆர்பிஎம் வரை முழு மூச்சில் இழுக்கும் இன்ஜின் என்றால் கதை வேறு. அதே துளையில் காற்றின் வேகம் 50 மீட்டரைத் தாண்டும். இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அங்கே குடைவதில் அர்த்தம் உண்டு. கம்பெனி நிலையில் இருக்கும் இன்ஜினில் கிடைப்பது பெரும்பாலும் மிதியின் துடிப்புதான்: அதே அளவு மிதித்தாலும் வழி கொஞ்சம் அதிகமாகத் திறக்கும், வண்டி சுறுசுறுப்பாகத் தெரியும். அதைச் சக்தி என்று எண்ணிப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் அளவு

ஓபிடி (ஸ்கேனர் மாட்டும் இணைப்பு) உள்ள வண்டியில், த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஸ்கேனரில் பாருங்கள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் வருவது வளிமண்டல அழுத்தம். பிறகு டைனோவிலோ (வண்டியை உருளை மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் கருவி) ஆளில்லாத சாலையிலோ மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து, உச்ச ஆர்பிஎம்மில் வரும் எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும். வித்தியாசம் 1 அல்லது 2 கிலோபாஸ்கல் என்றால் த்ராட்டில் பாடியைத் தொட வேண்டாம். 4, 5 என்று வந்தால் தேடுவதற்கு இடம் இருக்கிறது. கோவையில் சாவி ஆன் நிலையிலேயே 96, 97 காட்டும், ஊட்டியில் 77-ஐ ஒட்டி வரும்; இடத்தின் உயரத்தால் வருவது அது. ஒப்பிட வேண்டியது அதே இடத்தில், அதே நாளில் எடுத்த இரண்டு எண்களை மட்டுமே.

ஓபிடி இல்லாத வண்டியில், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வைத்து இதே இரண்டு அளவுகளை வோல்ட்டில் எடுக்கலாம். ஒரு கிலோபாஸ்கலுக்கு எத்தனை வோல்ட் என்பதைக் கை வாக்வம் பம்பால் சென்சாரை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து, அந்த இழப்பில் ஃபில்டரின் பங்கு எவ்வளவு, த்ராட்டிலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். மீன் தொட்டிக்கு வாங்கும் ஒளி ஊடுருவும் டியூபை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைத் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் ஹோஸில் சிறு துளையிட்டுச் செருகுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். முழுதாக மிதிக்கும்போது இரு பக்கத் தண்ணீரின் மட்டத்துக்கும் இடையே 10 செ.மீ. வித்தியாசம் வந்தால் அது 1 கிலோபாஸ்கல். இதை மொத்த இழப்பிலிருந்து கழித்தால் மிஞ்சுவது த்ராட்டில் பாடியின் பங்கு. இந்தத் தண்ணீர் டியூபை எக்காரணம் கொண்டும் த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் மாட்டாதீர்கள். ஸ்லோ ஸ்பீடில், அதாவது மிதியைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, அங்கே இருக்கும் இழுவை 6 மீட்டர் உயரத் தண்ணீரைத் தூக்கக்கூடியது. டியூபில் இருப்பது முழுவதும் நொடியில் சிலிண்டருக்குள் போய்விடும்.

காசில்லாமல் கிடைப்பது

முன்னால் இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒருவர் மிதியை அடிவரை மிதிக்க, நீங்கள் துளைக்குள் பாருங்கள். பட்டர்ஃப்ளை தகட்டின் விளிம்பு ஒரு கோடாகத் தெரிய வேண்டும். தகட்டின் முகம் கொஞ்சமாவது தெரிந்தால் அது முழுதாகத் திறக்கவில்லை. பழைய வண்டிகளில் கேபிள் தளர்ந்திருப்பதும், தடித்த தரை மேட் மிதியைப் பாதியில் நிறுத்துவதும் சர்வசாதாரணம். கேபிளின் லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். ஆனால் மிதியை விட்டதும் த்ராட்டில் நெம்புகோல் தன் நிறுத்தத்தில் போய் உட்கார வேண்டும், கேபிளில் சற்றுத் தளர்வும் இருக்க வேண்டும்.

கரியைத் துடைக்கத் த்ராட்டில் பாடி க்ளீனரும் மெல்லிய துணியும் போதும். சில கம்பெனிகள் தகடு மூடும் இடத்தில் காற்று கசியாதிருக்க ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். காரமான கார்புரேட்டர் க்ளீனரும் எமரித் தாளும் அதைத் தின்றுவிடும். பிறகு ஸ்லோ ஸ்பீடு இறங்கவே இறங்காது.

த்ராட்டில் பாடி வழியே ஓடும் கூலன்ட் ஹோஸைக் கழற்றி நேரடியாக இணைத்தால் காற்று குளிர்ந்து சக்தி கூடும் என்பார்கள். முழுத் த்ராட்டிலில் காற்று அந்தச் சில செ.மீ. தூரத்தைக் கடப்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு, அதற்குள் அது சூடாவதற்கு நேரமில்லை. தவிர, பல வண்டிகளில் அந்தக் கூலன்ட் சூட்டில் விரியும் மெழுகு வால்வுதான் குளிர்ந்த இன்ஜினின் ஸ்லோ ஸ்பீடை ஏற்றி, சூடானதும் இறக்குகிறது. கூலன்டை நிறுத்தினால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும்.

ஷாஃப்ட்

அளந்து பார்த்து வேலை தேவை என்று தெரிந்தால் ஷாஃப்டிலிருந்து தொடங்குங்கள். துளையைத் தொடாமல் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான். 8 மி.மீ. ஷாஃப்டின் நடுவே வெட்டிய காடியில் 1.5 மி.மீ. தகடு உட்கார்ந்திருக்கும். திருகின் தலை ஒரு பாதியிலும் மரை மறுபாதியிலும் இருக்கும். தலைப் பக்கத்துப் பாதியை நீக்கிவிட்டு, தகட்டை மரையுள்ள பாதியின் மேலேயே திருகினால் தடிமன் 8-லிருந்து சுமார் 5 மி.மீ.க்கு இறங்குகிறது. 1,563 சதுர மி.மீ.யாக இருந்த வழி 1,713 ஆகிறது, ஏறக்குறைய 10 சதவீதம்.

மரையுள்ள பாதியை மெலிதாக்கவே வேண்டாம். ஸ்லோ ஸ்பீடில் மூடிய தகட்டின் மேல் காற்று கொடுக்கும் விசை 12 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்குவது அந்த மெல்லிய பட்டைதான். துளையின் சுவரிலிருந்து இருபுறமும் 1 மி.மீ. விட்டே வெட்டுங்கள், வெட்டு பேரிங்கையோ சீலையோ எட்டினால் காற்று கசியும்.

திருகுகளைக் கழற்றுவதில் பலர் பாகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கழன்று சிலிண்டருக்குள் விழக்கூடாது என்று கம்பெனியிலேயே அவற்றின் நுனியை அடித்து விரித்திருப்பார்கள். விரிந்த நுனியைச் சிறு க்ரைண்டரால் மட்டமாக்கிய பிறகே ஸ்க்ரூட்ரைவரை வையுங்கள். நேரடியாகத் திருகினால் தலை வழுக்கும், இல்லை ஷாஃப்டின் மரையையும் பிய்த்துக்கொண்டு வரும். தகட்டின் எந்த முகம் வெளியே, எந்த விளிம்பு மேலே என்று கழற்றும் முன்பே குறியிடுங்கள். பழைய திருகைத் திரும்பப் போடாதீர்கள்.

துளை

50-ஐ 52 ஆக்கினால் வெறும் துளையின் பரப்பு 8 சதவீதம் கூடும். ஷாஃப்ட் வேலையும் சேர்ந்தால் மொத்தம் 19 சதவீதம். அதற்கு மேல் ஆசைப்படும் முன் சுவரின் தடிமனைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். வார்ப்பு அலுமினியத்தில் உள்ளே காற்றுக்குமிழிகள் இருக்கும். எந்த இடத்திலும் 3 மி.மீ.க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். ஸ்லோ ஸ்பீடு காற்று வழியும் வாக்வம் துளைகளும் சுவருக்குள் எங்கே ஓடுகின்றன என்று ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேத்தில் நான்கு தாடைச் சக்கில் பிடித்து, பழைய துளையின் மேல் டயல் கேஜை ஓட்டி 0.02 மி.மீ.க்குள் மையப்படுத்தச் சொல்லுங்கள். மையம் விலகினால் ஷாஃப்ட் துளையின் நடுவில் ஓடாது. தகடு ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் வெளிச்சம் தெரியும். கையில் க்ரைண்டரை வைத்துத் துளையைப் பெரிதாக்கித் தரும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். தகடு மூடும் வளையம் துல்லியமான வட்டமாக இருக்க வேண்டும். கை வேலையில் அது வராது. வாய்ப் பக்கத்துக் கூர்மையை 5, 6 மி.மீ. ஆரத்தில் உருட்டுவதும், இறுதியாக 400 எமரியில் தேய்ப்பதும் போதும். கண்ணாடி போல் பளபளக்கத் தேவையில்லை.

புதிய தகடு 1.5 மி.மீ. பித்தளையில். மூடிய நிலையில் தகடு துளைக்கு நேர்க்குறுக்காக நிற்பதில்லை, சில டிகிரி சாய்ந்திருக்கும். அதனால் அது வட்டம் அல்ல, லேசான நீள்வட்டம். 52 மி.மீ. துளையில் 6 டிகிரி சாய்வு என்றால் நீள் அளவு 52.29 மி.மீ. இதைக் கணக்குப் போட்டு அரத்தால் ராவ வேண்டியதில்லை. ஓர் உருளைத் தண்டை அதே சாய்வில் இரண்டாக வெட்டி, நடுவே பித்தளைத் துண்டை இறுக்கி, லேத்தில் துளையின் விட்டத்துக்கு 0.05 மி.மீ. குறைவாகக் கடைந்தால் நீள்வட்டமும் விளிம்பின் சரிவும் தாமாகவே வந்துவிடும்.

பூட்டுவது

முதலில் பிசிறை எடுத்து, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, ஒவ்வொரு வழியிலும் காற்றை அடியுங்கள். ஸ்லோ ஸ்பீடு வழியில் ஒளிந்திருக்கும் ஒரு அலுமினியச் சீவல் அந்த வால்வைச் சிக்கவைக்கும்.

தகட்டை ஷாஃப்டில் வைத்துத் திருகுகளை விரல் இறுக்கத்தில் விடுங்கள். த்ராட்டிலை நான்கைந்து முறை படக்கென்று மூட விடுங்கள். தகடு தானே தன் மையத்தைத் தேடி உட்காரும். பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்: சுற்றிலும் ஒரே சீரான மயிரிழை வெளிச்சம் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு திருகாகக் கழற்றி, மரையைத் துடைத்து, லாக்டைட் 243 (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்கி, நுனியை மெல்ல அடித்து விரியுங்கள். அடிக்கும்போது ஷாஃப்டுக்கு அடியில் தாங்கு கொடுக்காவிட்டால் அது வளைந்துவிடும்.

மேனிஃபோல்டின் வாய் பழைய 50-லேயே இருந்தால் 52-க்குக் குடைந்ததால் ஒரு படி உருவாகும். காற்று அதில் முட்டி, செய்த வேலையில் பாதி வீணாகும். மேனிஃபோல்டைக் கழற்றி, கேஸ்கட்டை அச்சாக வைத்துக் கோடிட்டு, 25 மி.மீ. ஆழத்துக்குச் சரிவாகச் சேருங்கள். கேஸ்கட்டின் ஓரம் காற்று வழியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சிலிக்கான் பேஸ்ட் பூசாதீர்கள். பிதுங்கிய துணுக்கு உள்ளே போகும், சில வகை ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். எம் 6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் த்ராட்டிலை மெதுவாகத் திறந்து, எந்த இடத்தில் விட்டாலும் அது தானே மூடுகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் தயங்கினாலும் வண்டியை எடுக்க வேண்டாம். சாலையில் அதுவே முழுதாகத் திறந்த நிலையில் சிக்கிக்கொள்ளலாம், உயிரோடு விளையாடும் விஷயம்.

சென்சாரும் ஸ்லோ ஸ்பீடும்

கழற்றும் முன்பே, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டிபிஎஸ் சென்சாரின் வோல்ட்டை மூடிய நிலையிலும் முழுதாகத் திறந்த நிலையிலும் குறித்து வையுங்கள். பெரும்பாலும் மூடியபோது 0.5-ஐ ஒட்டியும், திறந்தபோது 4-க்கு மேலும் இருக்கும். பூட்டிய பிறகு மூடிய அளவு அதே எண்ணுக்கு வர வேண்டும். அதிகமாக இருந்தால், நீங்கள் மிதியிலிருந்து காலை எடுத்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மெதுவாகத் திறக்கும்போது வோல்ட் தாவாமல் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரியை 15 நிமிடம் கழற்றி மாட்டி, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை ஸ்லோ ஸ்பீடில் விடுங்கள். ஆர்பிஎம் உயர்ந்தே நின்றால் நிறுத்தத் திருகைத் தொடாதீர்கள். அது கம்பெனி அமைத்தது, கோளாறு பெரும்பாலும் தகட்டிலோ கேஸ்கட்டிலோதான் இருக்கும். கேஸ்கட்டின் ஓரத்திலும் ஷாஃப்ட் முனைகளிலும் தண்ணீரைப் பூப்போலத் தெளியுங்கள். ஆர்பிஎம் மாறும் இடத்தில் கசிவு. சூடான இன்ஜின் மேல் க்ளீனரைத் தெளித்துச் சோதிப்பது தீயை அழைப்பது. ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊசலாடினால் சிறு கசிவு, அல்லது ஸ்லோ ஸ்பீடு வால்வில் அழுக்கு.

மேப் சென்சாரை நம்பி எரிபொருள் கொடுக்கும் கம்ப்யூட்டர், கூடிய காற்றைத் தானே கண்டுகொள்ளும். ஆனாலும் புகைக்குழாயில் வைட்பேண்டு ஆக்சிஜன் சென்சாரை மாட்டி, முழுத் த்ராட்டிலில் காற்றுக்கும் பெட்ரோலுக்குமான எடை விகிதம் 12.5-லிருந்து 13-க்குள் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் ஓட்டப் போகிறவர்கள் லேத்துக்குப் போகும் முன் தங்கள் வகுப்பின் விதிப்புத்தகத்தைப் படிக்கட்டும். மாற்றம் செய்யாத வண்டிகளுக்கான வகுப்பில் 2 மி.மீ. குடைந்ததே தகுதி நீக்கத்துக்குப் போதும்.

மோட்டாரில் இயங்கும் எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்கு இந்த வேலை எதுவும் பொருந்தாது. அதன் தகடு எந்த கோணத்தில் எவ்வளவு காற்று விடும் என்பது கம்ப்யூட்டரில் பதிந்திருக்கிறது. துளையை மாற்றினால் அந்தப் பதிவு முழுவதும் பொய்யாகும். சாவியை எடுத்துவிட்டுக் கரியைத் துடைத்து, தகட்டின் மூடிய நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பிக்கும் முறையைச் செய்வதோடு நிறுத்துங்கள். சாவி ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விடாதீர்கள், மோட்டார் மூடும் வேகத்தில் விரல் நசுங்கும்.

500 கி.மீ. ஓடியதும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, பட்டர்ஃப்ளை திருகுகளின் விரித்த நுனிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டின் விளிம்பில் ஒரே பக்கம் பளபளப்பான உரசல் கோடு தெரிந்தால் அது மையத்தில் உட்காரவில்லை. கழற்றி மறுபடி மையப்படுத்தி, புதுத் திருகு போட்டுப் பூட்டுங்கள்.