வீல்சேரோடு தீம் பார்க் போகிறீர்களா? வரிசையில் இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏப்ரல், மே வந்துவிட்டால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், சிறுவாணி ரோட்டில் கோவை கொண்டாட்டம், கொஞ்சம் கை தாராளமாக இருந்தால் வாளையாறு தாண்டி கொச்சி வொண்டர்லா என்று நம் பக்கத்துக் குடும்பங்கள் வண்டி கட்டிவிடும். இப்போது அந்தக் கூட்டத்தில் வீல்சேர்களும் தெரிகின்றன. பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது. முதுகுத் தண்டில் அடிபட்டவர்களையும் அவர்கள் வீட்டாரையும் இப்படி வெளியே கூட்டிப் போவதை ஈரோட்டிலிருந்து நாங்கள் சிலர் வெகு நாளாகச் செய்துவருகிறோம். ஆரம்பத்தில் எங்கள் குழு சறுக்கிய அதே இடங்களில் புதிதாக வருகிறவர்களும் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. தொப்பி, மாற்றுத்துணி, மாத்திரை எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

"வீல்சேர் போகுமா?" என்று மட்டும் போனில் கேட்பது

"போகுமுங்க" என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. வாசலிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை போகும். ரைடு ஏறும் மேடைக்குப் போகுமா என்பதை நீங்கள் கேட்கவே இல்லையே. மேடைக்கு எத்தனை படி, சாய்தளம் உண்டா, வரிசைக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடம், கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள்.

நம்மிடம் இருக்கும் வீல்சேர்கள் பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ. அகலம். நேராகப் போக 90 செ.மீ. வேண்டும், முழுதாகத் திரும்ப 150 செ.மீ. வேண்டும். வளைந்து வளைந்து போகும் கம்பி வரிசையில் நேர்ப்பகுதிக்குள் சுலபமாக நுழைந்துவிடும், முதல் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். அதற்குள் பின்னால் கூட்டம் அடைத்திருக்கும். அதனால் கம்பிக்குள் நுழையும் முன் உங்களில் ஒருவர் அந்தத் திருப்பம் வரை நடந்து பார்த்துவிட்டு வரட்டும்.

சாய்தளத்துக்குக் கணக்கு 1:12. மூன்றடி உயர மேடைக்கு 36 அடி நீளம் வேண்டும். படிக்கட்டின் மேல் பலகையைச் சாய்த்துப் போட்டு "ராம்ப் இருக்குங்க" என்றால் அதில் ஏறாதீர்கள். இதையெல்லாம் கேட்கக் கூச்சமும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்குக்காக மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே கணக்கில் எடுக்கிறது.

தண்ணீர் குடிக்காமல் வருவது

சிறுநீர்த் தொற்றும் வெயில் மயக்கமும் சேர்ந்து வரும். குடியுங்கள், வரிசைக்குப் போகும் முன் டியூப் வழியாகச் சிறுநீர் சேரும் யூரின் பையைக் காலி செய்யுங்கள்.

வீல்சேரை வாசலில் விட்டுவிட்டு ஆளைத் தூக்கிப் போவது

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

போன கோடையில் ஒரு நீர்ப்பூங்காவில் கண்ணால் பார்த்தது. திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பைக் விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கூட மச்சான்மாரும் பங்காளியுமாக வாட்டசாட்டமான நாலு பேர். படகு ரைடுக்கு நீள வரிசை. வீல்சேரை மடக்கிக் கம்பியோரம் சாத்திவிட்டு, அக்குளில் இரண்டு பேர், தொடையில் இரண்டு பேராக அவரைத் தூக்கினார்கள். நாற்காலியையும் மேலே கொண்டு போங்கள் என்று சொன்னேன். "நாலு பேரு இருக்கோமுங்க்கா, மாமனை அலுங்காமக் கொண்டுபோய் உக்கார வெச்சுருவோமுங்க" என்றார் அதில் இளையவர்.

வரிசை நகரவில்லை. தூக்கியவர்களுக்குக் கை கடுத்தது. பக்கத்திலிருந்த சிமெண்ட் திண்டில் அவரை இறக்கி வைத்தார்கள்; வெயிலில் காய்ந்து கிடந்த திண்டு. முக்கால் மணி நேரம் அப்படியே. ரைடு முடிந்து இறங்கியது வேறு பக்கம், நாற்காலி இருந்ததோ ஏறிய பக்கம். ஒருவர் சுற்றிக்கொண்டு ஓடி அதை எடுத்து வரும்வரை ஈர டவுசரோடு மறுபடி ஒரு படிக்கல்லில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை, சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். ராத்திரி துணி மாற்றும்போது அவர் மனைவிதான் பார்த்திருக்கிறார். பிட்டத்தில் இரண்டு பக்கமும் கன்றிச் சிவந்து, ஒரு பக்கம் தோலே உரிந்திருந்தது. தீபாவளி வரை மனிதர் குப்புறப் படுத்துக் கிடந்தார். அப்போதுதான் வீட்டிலேயே செக்கிங் வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்திருந்தார். அந்த சீசன் வருமானம் முழுக்கப் போயிற்று.

அந்த நாலு பேருக்கும் அவர்மேல் உயிர். ஆனாலும் எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒரு மச்சான் இதையே சொல்லிக்கொண்டு முண்டாசு கட்டுகிறார்.

உட்காரும்போது உடம்புப் பாரம் பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. நமக்குச் சற்று நேரத்தில் உறுத்தும், தானாக நகர்ந்துகொள்வோம். உணர்வில்லாதவருக்கு அந்த உறுத்தலே வராது. எலும்புக்கும் கல்லுக்கும் நடுவில் சதை ரத்த ஓட்டமில்லாமல் நசுங்கிக்கொண்டே இருக்கும். ஈரத் துணி தோலை ஊற வைக்கும். ஊறிய தோல் லேசாக இழுபட்டாலே கிழியும். சூடான சிமெண்ட் கொப்புளம் போடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது தோள் மூட்டைக் கெடுக்கும். கால் அசையாதவருக்கு எழுவதும் நகர்வதும் அந்தத் தோளை நம்பித்தான் நடக்கிறது. நாற்காலியிலிருக்கும் குஷன் இந்தப் பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதற்காகவே இருப்பது. நாற்காலியை விட்டால் குஷனும் போயிற்று. ரைடு ஓடுவது நாலு நிமிடம்தான். புண் போடுவது காத்திருக்கும் நேரம்.

ஆகவே எந்த ரைடுக்கும் ஆபரேட்டரிடம் முதலில் கேளுங்கள்: இறங்கும்போது நாற்காலி எங்கே இருக்கும்? அதைக் கொண்டுவருவது ஒரே ஒருவர் பொறுப்பு. அந்தச் சுற்றில் அவர் ரைடு ஏறக் கூடாது. பல இடங்களில் இறங்கும் வழியில் வளைவுக் கம்பி இருக்காது, படியும் குறைவு. அந்த வழியாகவே ஏற்றச் சொல்லிக் கேட்டால் நாற்காலி ரைடு சீட்டின் பக்கத்திலேயே நிற்கும். தூக்க வேண்டியது ஓர் எட்டு தூரம்தான். வரிசையில் நிற்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை கையை ஊன்றி எழும்பவோ, முன்னால் குனிந்து சாயவோ வையுங்கள். ரைடு சீட்டில் மட்டும் குஷனைப் போடாதீர்கள். பெல்ட் பிடி தளர்ந்துவிடும். நீர்ப்பூங்கா என்றால் குஷனுக்கு பிளாஸ்டிக் உறையும், ஒவ்வொரு தண்ணீர் ரைடுக்குப் பிறகும் மாற்ற உலர்ந்த டவுசரும் வேண்டும். கரடுமுரடான குளத்துத் தரையில் காலை இழுபட விடாதீர்கள். தேய்ந்தாலும் அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பிட்டத்துத் தோலைப் போன் கேமராவிலாவது பார்த்துவிடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அந்தச் சிவப்பு போகும்வரை அதன்மேல் உட்காரக் கூடாது. மறுநாளும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீல்சேருக்குப் பின்னால் பதினைந்து பேர் நுழைவது

ஒரு வீல்சேரைக் காட்டி அம்மாயி முதல் பேரன் வரை வரிசையைத் தாண்டினால், அடுத்த வாரம் வரும் வீல்சேருக்குக் கதவு மூடிக்கொள்ளும். துணைக்கு இரண்டு மூன்று பேர் போதும்.

உள்ளபடி தேவை வரிசையைத் தாண்டுவது கூட இல்லை. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் வரிசைக்குள் வீல்சேர் போகும் ரைடுகளில் வீல்சேர்க்காரரும் எல்லோரோடும்தான் நிற்கிறார். வரிசை குறுகலான ரைடுகளில், மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, இத்தனை மணிக்கு வாருங்கள் என்று நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். அதுவரை அவர் நிழலில் இருக்கலாம். இங்கேயும் சூப்பர்வைசரிடம் இப்படிக் கேட்டிருக்கிறோம். பல முறை ஒத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு நடுவே வீல்சேரில் இருப்பவருக்குக் காற்றே வராது, கண்ணுக்கு எதிரே முதுகுகள்தான் தெரியும். அது உங்களுக்கு நினைவில் இருக்கட்டும்.

திருவிழா ராட்டினம்

வேண்டாம். நடுவில் நின்றால் இறக்க வழியில்லை.

ஆபரேட்டர் மறுத்ததும் சண்டைக்கு நிற்பது

சில மறுப்புகள் நியாயமானவை. இடுப்பை நிமிர்த்தி வைக்க முடியாதவர் வேகமான திருப்பத்தில் சீட்டின் பாதுகாப்புக் கம்பிக்கு அடியில் சரிந்துவிடுவார். பாதியில் நின்றால் ஏணிப்படியில் இறங்க வேண்டிய ரைடுகள் உண்டு. அங்கே வற்புறுத்தாதீர்கள். "வீல்சேர்னா எதுலயும் ஏத்தறதில்லீங்க" என்று மொத்தமாகச் சொன்னால் விடாதீர்கள். ரைடு வாரியாக விதியைக் காட்டச் சொல்லுங்கள். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 2010இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்டில் வீல்சேரோடே ஏறும் ராட்டினம் இருக்கிறது. 2017இல் சேர்ந்த நீர்ப்பகுதியில் காற்றழுத்தத்தில் ஓடும், நனையத்தக்க நாற்காலிகள் இருக்கின்றன. மேனேஜரிடம் இதைச் சொல்லுங்கள்.

பெல்ட்டுக்கு அடியில் டியூப்

யூரின் டியூப் மடங்கினால் சிறுநீர் உள்ளே தேங்கும். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்கு அதனால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல் என்று கண்டால் ரைடை நிறுத்தச் சொல்லி, நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, டியூப்பை நேராக்குங்கள். அடங்காவிட்டால் 108.