சாவைப் பற்றிப் பேச உட்காரும்போது செய்யக்கூடாதவை

தீராத நோயில் இருப்பவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பாலியேட்டிவ் கேர் குழுவில் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்களோடு இப்போது வீடுவீடாகப் போய்வருகிறேன். நல்ல பிள்ளைகள். படுக்கைப்புண் நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். செல்போனை நோண்டாதே, சத்தமாகப் பேசாதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன். வயதான பெற்றோர் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்.

“நூறு வயசு இருப்பீங்க”

பெரியவர் தானாகவே ஆரம்பிப்பார். “அடுத்த பொங்கலுக்கு இருப்பேனோ என்னவோ.” உடனே மகள், “வாயில நல்ல வார்த்தையே வராதாப்பா? நூறு வயசு இருப்பீங்க” என்பார். நம் தன்னார்வலரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பெரியவர் ஒப்புக்குச் சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பிரியத்தாலேயே அவர் வாயை அடைத்துவிட்டோம்.

“ஏன்ப்பா அப்படித் தோணுது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் யோசிக்கிற நேரத்தை நம் பேச்சால் நிரப்பக் கூடாது. பெரும்பாலும் அடுத்து வருவது சாவைப் பற்றிய பேச்சாகவே இருக்காது. கடைக்குட்டி வாங்கிய கடன், தனக்குப் பிறகு அம்மாவை யார் வைத்துக்கொள்வார்கள், தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதை என்று எங்கெங்கோ போகும். போகட்டும். ஆஸ்பத்திரியில் சாக விருப்பமா, வீட்டிலா என்பதும் அந்தப் பேச்சின் நடுவில்தான் வந்து விழும்.

“அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்”

நோய் முற்றியதை அவரிடம் மறைக்கச் சொல்வார்கள் வீட்டார். அவருக்குத் தெரியும். கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருப்பார். நீங்கள் வாசலில் நின்று குசுகுசுப்பதும் அவர் காதில் விழுகிறது.

எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டுவது

கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தேறும் வாய்ப்பு இல்லாத நிலைக்குப் போய், பேசவும் முடியாமல் ஆகிவிட்டால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ‘லிவிங் வில்’ என்பது அதுதான். அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து கட்டாயம் என்றிருந்ததால் சாதாரண ஜனங்களுக்கு அது எட்டவில்லை. 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும்.

படிவம் எளிதானதும் புதியவர்களுக்குப் படிவமே வேலையாகிவிட்டது. நிரப்புகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள், வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். மனைவி தவறிய பிறகு தன் விருப்பத்தை முறைப்படி எழுதி, சாட்சி வைத்து, நோட்டரியிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். தன் சார்பில் முடிவெடுக்க மகளின் பெயரைப் போட்டிருந்தார். பிள்ளைகளைக் கலவரப்படுத்த வேண்டாமென்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் ராத்திரி பக்கவாதம். ஆம்புலன்ஸ், ஐசியு, தொண்டையில் குழாய், வெண்டிலேட்டர். வெளிநாட்டிலிருந்த மகன், “நான் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் பண்ணச் சொல்லு” என்று போனில் அழுதான். மகளோ, “அப்பா இப்படிக் கிடக்கறதை என்னால பார்க்க முடியலை, விட்டுடலாம்” என்றாள். “உனக்குச் செலவு பண்ண மனசில்லை” என்று அவன் சொன்ன வார்த்தையோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. இன்சூரன்ஸ் பாலிசியைத் தேடி பீரோவைக் குடைந்தபோதுதான், வீட்டுப் பத்திரத்துக்கும் அம்மாவின் இறப்புச் சான்றிதழுக்கும் நடுவே அந்தக் காகிதம் கிடைத்தது. மஞ்சப்பைக்குள் நான்காக மடித்திருந்தது. தன் பெயரை அதில் பார்த்த மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் அதைப் படித்துவிட்டு, “கையெழுத்து அப்பாவுடையதுதான். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றான். நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. மருத்துவக் குழு கூடுவதற்குள் பெரியவர் வெண்டிலேட்டரிலேயே போய்ச் சேர்ந்தார். எது வேண்டாம் என்று எழுதினாரோ அத்தனையும் நடந்தது.

காகிதத்தைக் காட்டியவுடன் கருவியை நிறுத்திவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்க வேண்டும். பிறகு இரண்டாவது குழு பார்க்க வேண்டும். கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குழுவும் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறது தீர்ப்பு. காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய சம்மதமும் வேண்டும். தன் பெயர் இருப்பதே தெரியாதவர் என்ன சம்மதம் தருவார்?

ஆகவே எல்லாரையும் உட்காரவைத்து, எழுதியவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளை வீடியோ காலில் கேட்கட்டும். அழுவார்கள், கோபித்துக்கொண்டு எழுந்துபோவார்கள். ஐசியு வாசலில் நின்று சண்டை போடுவதைவிட அப்பா உயிரோடு முன்னால் இருக்கும்போது போடுவது மேல், பதில் சொல்ல அவர் இருக்கிறார். பெயர் போட்டவர்களுக்கும் குடும்ப டாக்டருக்கும் பிரதி கொடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கவும் தீர்ப்பில் வழி இருக்கிறது. மூலக் காகிதம் அர்த்தராத்திரியிலும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

“கஷ்டப்படுத்த வேண்டாம்” என்று மொட்டையாக எழுதினால் எந்த டாக்டருக்கும் உதவாது. வெண்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்குக் குழாய், நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி ஓடவைப்பது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

வெண்டிலேட்டர் வேண்டாம் என்றால் கைவிடுவது என்று நினைப்பது

ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம். அதை யாரும் எழுதிக் கேட்கவும் முடியாது. நிறுத்துவது இழுத்துப்பிடிக்கிற கருவியை மட்டும்தான். வலிக்குக் கொடுக்கிற ‘மார்ஃபின்’ மருந்து தொடரும். மூச்சுத்திணறலுக்கு மருந்து உண்டு. காய்ந்த உதட்டை நனைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எதுவும் நிற்காது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

“நாமினி போட்டாச்சே, உயில் எதுக்கு?”

வங்கிப் பணத்தை வாங்கும் கை நாமினியுடையது. அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் சொல்லும்.

நினைவு தப்பியவரிடம் கைநாட்டு வாங்குவது

கூடவே கூடாது.

கண்தானத்தைக் கார்டோடு விட்டுவிடுவது

கார்டு அவர் பர்ஸில் இருக்கும். கண் வங்கிக்கு போன் போட வேண்டியது நீங்கள்தான், அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். அழுகையும் பந்தல்காரரும் ஐஸ் பெட்டியுமாக அந்த நேரம் ஓடிவிடும். அதனால் போன் போடும் பொறுப்பைக் குடும்பத்தில் நிதானமான ஒருவரிடம் இப்போதே ஒப்படைத்து, எண்ணையும் அவர் செல்லில் ஏற்றிவையுங்கள். ஆள் வரும்வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையணை கொடுத்துத் தலையைச் சற்றே உயர்த்திவைக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.