மட் நிரலில் வரைவு மடல்களை ஒரே இடத்தில் சேர்த்த என் அனுபவம்

முனையத்தில் இயங்கும் மட் அஞ்சல் நிரலில் பாதி எழுதி நிறுத்திய மடல்கள், அதே கணக்கைக் கைபேசியில் திறந்தால் தென்படவே இல்லை. அனுப்புவதற்கு முந்தைய திரையில் பெரிய எழுத்து 'பி'யை அழுத்தி ஒத்திவைத்தவைதான் அவை. பிறகு 'எம்' விசையை அழுத்தியதும், ஒத்திவைத்த மடலை எடுக்கவா என்று நிரல் கேட்டதால், அவை தொலையவில்லை என்பது தெளிவாயிற்று.

வரைவுகள் சேரும் இடத்தைக் குறிக்கும் 'போஸ்ட்போன்ட்' என்னும் அமைப்பு மாறிக்கு நாம் மதிப்பு கொடுக்காவிட்டால், வரைவுகள் அஞ்சல் வழங்கிக்கு (சர்வர்) போகாமல், கணினியில் நம் முகப்பு அடைவிலுள்ள அதே பெயர்கொண்ட கோப்பில் சேர்கின்றன. மடல் அடைவுகள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் 'ஃபோல்டர்' மாறியில், ஐமேப் (வழங்கியிலுள்ள மடல்களை அணுகும் நெறிமுறை) முகவரி ஏற்கெனவே இருந்ததால், அமைப்புக் கோப்பில் 'போஸ்ட்போன்ட்' மாறிக்கு, அந்த முகவரியைக் குறிக்கும் கூட்டல் குறியை முன்னால் இட்டு 'டிராஃப்ட்ஸ்' என்று ஒரே வரி சேர்த்தேன். அதன்பின் வரைவுகள் எல்லாக் கருவிகளிலும் தெரிந்தன. ஜிமெயில் கணக்காயின் அடைவின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் ஜிமெயில், சாய்கோடு, டிராஃப்ட்ஸ் என்று அமையும்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் வேறொன்று. பெரிய 'ஆர்' விசையால் வரைவை மீட்டெடுக்கும்போதே அது வரைவு அடைவிலிருந்து நீக்கப்படுகிறது. அனுப்புவதற்கு முந்தைய திரையில் வெளியேறும் விசையான 'க்யூ'வை அழுத்தி, மீண்டும் ஒத்திவைக்கவா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மடல் போய்விடும். உழைத்து எழுதியதை ஒரு விசைக்கு விட்டுவிடக் கூடாது என்பதால், 'போஸ்ட்போன்' மாறியை (இது முன்னதிலிருந்து வேறு; அனுப்பாமல் வெளியேறும்போது மடலைச் சேமிப்பதா என்பதைத் தீர்மானிப்பது) 'யெஸ்' (ஆம்) என்று மாற்றினேன். இப்போது 'க்யூ'வை அழுத்தினால், நிரல் எதுவும் கேட்காமலே மடலை வரைவாகச் சேமித்துவிடுகிறது.