ஷூ கம்பெனி வேலையை ரெஸ்யூமேயில் ஒளிக்காதீர்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங் பக்கம் போக நினைத்தபோது, நான் முதலில் செய்த காரியம் அந்த ஆறு வருடத்தையும் ஒரே வரியில் அமுக்கியதுதான். தோல் வாடை அடிக்கிற வேலை ஐடிக்காரர்களுக்கு எதற்கு என்று ஒரு கூச்சம். மீதிப் பக்கம் முழுக்க மூன்று மாதக் கோர்ஸில் படித்தவற்றின் பெயர்கள். ஒரு போன்கூட வரவில்லை. எப்படி வரும்? அந்தத் தாளைப் பார்த்தால் நான் முப்பது வயது ஃப்ரெஷர்.

இப்போது வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து நண்பர்கள் பார்க்கச் சொல்லி அனுப்பும் ரெஸ்யூமேக்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்தவரும் ஒளிக்கிறார், ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்தவரும் ஒளிக்கிறார். இன்சூரன்ஸ் க்ளெய்ம் எதனால் திரும்பி வருகிறது என்று தெரிந்த ஆள், மருத்துவமனை சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனிக்கு எவ்வளவு உபயோகம்!

"தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராகப் பொறுப்பு வகித்தேன்" என்று எழுதியிருந்தேன். அது வெறும் பதவிப் பெயர். உண்மையில் செய்தது வேறு. ஒவ்வொரு லாட்டிலும் வந்த குறைகளை வகை பிரித்து எக்செல்லில் ஏற்றுவேன். பிவட் டேபிள் (எக்செல் தானே தொகுத்துத் தரும் சுருக்க அட்டவணை) போட்டு, எந்த லைனில் தையல் பிசகுகிறது, எதில் சோல் ஒட்டாமல் வருகிறது என்று வாராவாரம் காட்டுவேன். ஐரோப்பாவுக்குப் போகும் தோல் பொருளில் குரோம்-6 என்ற நச்சு ரசாயனம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது 2015 முதல் அங்கே சட்டம். அந்த லேப் ரிப்போர்ட்டைச் சரிபார்த்து, மீறினால் சரக்கை நிறுத்துவதும் என் வேலை. குறையைக் கண்டுபிடிப்பது, எழுதி வைப்பது, சரிசெய்த பிறகு திரும்பச் சோதிப்பது. சாஃப்ட்வேரில் பிழை தேடும் டெஸ்டரும் இதைத்தானே செய்கிறார்? இதை நான்கு வரியாக எழுதிய பிறகுதான் போன் வர ஆரம்பித்தது.

இருப்பதை ஒளிப்பதைவிட மோசம், இல்லாததைச் சேர்ப்பது. பணம் வாங்கிக்கொண்டு ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 2014 முதல் பிஎஃப்புக்கு யுஏஎன் எண் உண்டு, கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே எண். எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பது அதில் வரிசையாகக் கிடக்கும். பின்னணி விசாரணையில் அதைக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? வேலையில் சேர்ந்த பிறகு மாட்டினாலும் வெளியேதான்.

ஸ்கில்ஸ் பகுதியில், ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேச முடிகிறதை மட்டும் வையுங்கள். நாம் எழுதிய ப்ரோகிராமை மற்றவர்கள் பார்க்க ஏற்றி வைக்கும் தளமான கிட்ஹப்பில், கோர்ஸில் எல்லோரும் செய்த அதே ப்ராஜெக்ட்டை ஏற்றுவதில் பயனில்லை. நான் ஷூ குறைகளுக்கு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி) டேபிள் போட்டு ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். ஆனால் கம்பெனியின் உண்மையான டேட்டாவை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், நாமே உருவாக்கிய டேட்டா போதும்.

அப்புறம், ப்ரவுசிங் சென்டர் பயோடேட்டா. அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கடைசியில் "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த கலர் டெம்ப்ளேட்டும் வேண்டாம், ரெஸ்யூமேயைப் படிக்கும் மென்பொருள் அதைக் குழப்பிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் பிடிஎஃப்பில் இருப்பதை மொத்தமாகக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரி முன்பின்னாக வந்தால் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும்.

முகவரிக்குக் கதவு எண், தெரு, போஸ்ட் எல்லாம் தேவையில்லை. "காட்பாடி, வேலூர். சென்னை அல்லது பெங்களூருக்கு உடனே மாறத் தயார்" என்று ஒரு வரி. இவ்வளவு தூரத்திலிருந்து வருவாரா என்று ஹெச்ஆர் யோசிப்பதற்குள் பதில் கண்ணில் பட்டுவிடும்.