கடை கியூஆர் கோட் எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும்?

கல்லடிப் பாலம் தாண்டி காத்தான்குடிப் பக்கம் போகும்போது கடைப் பேனர்களைக் கவனித்துப் பாருங்கள். பேனர் எட்டடி இருக்கும், கியூஆர் கோட் மட்டும் ஒரு மூலையில் உள்ளங்கையளவு. ரோட்டில் நிற்கிறவர் அதை எப்படி ஸ்கேன் பண்ணுவார்? அளவைக் கண்மதிப்பில் வைக்கத் தேவையில்லை, சின்னக் கணக்குத்தான்.

முதலில் தூரம். ஸ்கேன் பண்ணுகிறவர் எவ்வளவு எட்ட நிற்பார் என்று அளந்து அதைப் பத்தால் வகுங்கள். கல்லாவில் 30 சென்டிமீட்டர் கிட்டப் பிடிப்பார் என்றால் கோட் 3 சென்டிமீட்டர், 3 மீட்டர் தள்ளி நிற்பார் என்றால் 30. மருதமுனைச் சாரத்தில் ஒட்டும் சின்ன லேபல் என்றாலும் 2 சென்டிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். மண்டபத்தில் திரையில் காட்டுவதற்கும் இதே கணக்குத்தான், ஆனால் கடைசி வரிசைக் கதிரையிலிருந்து அளக்க வேண்டும்.

அடுத்தது கட்டங்கள், அதாவது கோட்டுக்குள் இருக்கும் கறுப்பு வெள்ளைச் சின்னச் சதுரங்கள். பலர் விடும் இடம் இதுதான். பத்தால் வகுக்கிற கணக்கு ஏறத்தாழ 25 கட்டம் அகலமுள்ள கோட்டுக்குத்தான் பொருந்தும். உள்ளே எழுத்துக் கூடக் கூடக் கட்டங்களும் 21, 25, 29 என்று நாலு நாலாக ஏறி 177 வரை போகும், அப்போது அதே 3 சென்டிமீட்டருக்குள் ஒவ்வொரு கட்டமும் பொடியாகிவிடும். எண்ணுவது லேசு: மேலே உள்ள இரண்டு பெரிய மூலைச் சதுரங்களின் கீழ் விளிம்புகளுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி ஒரு வரிசை ஓடும், அதை இரண்டு முனையிலும் உள்ள வெள்ளையையும் சேர்த்து எண்ணி 14ஐக் கூட்டுங்கள். வந்த எண்ணை 25ஆல் வகுத்து, முதலில் கிடைத்த அளவோடு பெருக்கினால் சரி.

தமிழில் இணைப்பு வைத்திருப்பவர்கள் இங்கே கவனம். "மட்டக்களப்பு" என்ற ஒரு சொல் இணைய முகவரிக்குள் போனால் %E0 போன்ற சதவீதக் குறியீடுகளாக மாறி 108 எழுத்தாகிவிடும். முன்னால் வரும் முகவரியோடு சேர்த்து 140 எழுத்தளவு வந்தால், நடுத்தரப் பிழைதிருத்தத்தில் (கோட் கொஞ்சம் சிதைந்தாலும் வாசிக்க வைக்கும் ஏற்பாடு) 49 கட்டம். இதையே 30 எழுத்துக்குச் சுருக்கினால் 29 கட்டம்தான். 3 மீட்டர் தூரத்துக்கு முன்னதற்கு 59 சென்டிமீட்டர் வேண்டும், பின்னதற்கு 35 போதும். பேனர்க் காசை நினைத்தாவது இணைப்பைச் சுருக்குங்கள்! லங்கா கியூஆர் போன்ற காசு கட்டும் கோட்டில் மட்டும் இது சரிவராது, வங்கி தந்ததை அப்படியே வைத்துக்கொண்டு அளவைத்தான் கூட்ட வேண்டும்.

சுற்றி வெள்ளை விளிம்பு. நாலு பக்கமும் நாலு கட்ட அகலம். 35 சென்டிமீட்டர், 29 கட்டம் என்றால் ஒரு பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவு. அந்த இடத்தில் பூ, பார்டர், போன் நம்பர் ஒன்றும் வரக்கூடாது.

நடுவில் லோகோ வைத்தே ஆக வேண்டுமா? பிழைதிருத்தத்தை ஆக உயர்ந்த எச் (H) மட்டத்துக்கு ஏற்றுங்கள், சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் வாசிக்கும். ஆனால் கட்டங்கள் கூடிவிடும், கணக்கைத் திரும்பப் போட வேண்டும். என்னைக் கேட்டால் லோகோவைக் கோட்டுக்கு வெளியே வைப்பது நல்லது.

தயிர்ச் சட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்கிறவர்களுக்கு மட்டும் கணக்குத் தலைகீழ். வளைந்த பக்கத்தில் பெரிய கோட்டின் ஓரங்கள் பின்னால் போய்விடும், கெமராவுக்குத் தெரியாது. சட்டியின் வாயைக் கட்டும் கடதாசியில் தட்டையாக அடியுங்கள்.

அச்சுக்கு முன் ஒரு சோதனை. சின்ன அளவென்றால் ஏ4 தாளில் அதே அளவில் பிரிண்ட் எடுங்கள், பெரிது என்றால் சில தாள்களை ஒட்டிக்கொள்ளலாம். பிறகு கடையில் வைக்கப்போகும் இடத்திலேயே ஒட்டி, வீட்டில் கிடக்கும் பழைய போனால் அந்தத் தூரத்தில் நின்று பாருங்கள். மதிய வெயிலில் ஒருதரம், இரவு லைட்டில் ஒருதரம். லாமினேட் பண்ணுவதாக இருந்தால் அதையும் பண்ணிவிட்டே பாருங்கள், பளபளப்பில் வெயில் தெறித்தால் எந்த அளவும் உதவாது.

அச்சகத்துக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்ப வேண்டாம். பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி (SVG) அல்லது பிடிஎஃப் கோப்பை வாட்ஸ்அப்பில் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். கூடவே கோட்டின் பக்கம் இத்தனை சென்டிமீட்டர், வெள்ளை விளிம்பு இத்தனை, நீள அகலத்தை வெவ்வேறாக இழுக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.