சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் நொதிக்கும் வாளியை ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, அதைக் கன்ட்ரோலரில் (சென்சார் அளக்கும் சூட்டைப் பார்த்து ஃப்ரிட்ஜை ஓடவிட்டு நிறுத்தும் கருவி) மாட்டி ஓட்டுவது வழக்கம். வெப்பநிலை நிற்கவில்லை என்றால் கை உடனே கன்ட்ரோலர் பட்டனுக்குத்தான் போகும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வாளி ஜில்லென்று இருக்கிறது. குமிழி ஒன்றுகூட இல்லை. ஏர்லாக்கில் (வாளி மூடியில், வாயுவை வெளியே மட்டும் விடும் சின்னத் தண்ணீர்க் குழாய்) இருந்த தண்ணீரில் பாதியை வாளி உள்ளே உறிஞ்சிவிட்டிருந்தது. திரையிலோ 27 டிகிரி! கன்ட்ரோலர் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது: முந்தின இரவு கதவைச் சாத்தும்போது சென்சார் ஒயர் நழுவி, முனை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அது பாவம், அறைச் சூட்டை அளந்து அளந்து ராத்திரி முழுக்கக் கம்ப்ரசரை ஓட்டியிருக்கிறது. பீர் 5 டிகிரிக்கு இறங்கிவிட்டது.

அதனால் முதல் வேலை, சென்சார் முனையைத் தேடிப் பிடிப்பது. அது ஃப்ரிட்ஜுக்குள் காற்றில் தொங்கினாலும் தப்புதான். ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும் முதல் இரண்டு மூன்று நாளில் தானே சூட்டைக் கிளப்பும். சுற்றியுள்ள காற்றைவிட பீர் 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக இருக்கலாம். காற்று 19 என்று திரை காட்டும்போது உள்ளே 23 இருக்கும். வாழைப்பழ வாசனையும் தொண்டையைச் சுடும் சாராய நெடியும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. முனையை வாளியின் பக்கவாட்டில், பீர் மட்டத்துக்குக் கீழே அழுத்தி வைத்து, மேலே உள்ளங்கை அளவு தெர்மாகோல் அல்லது நுரைப்பஞ்சு வைத்து டேப் ஒட்டுங்கள். ஈரம் பட்டால் டேப் உரிந்துவிடும். நான் இப்போது வாளியைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை ஒன்றும் போட்டுவிடுகிறேன்.

இடம் சரி, எண்ணில்தான் சந்தேகம் என்றால் ஐஸ் சோதனை. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். முனையை நடுவில், அடியில் இடிக்காமல் பிடித்து ஐந்து நிமிடம் பொறுங்கள். 0 காட்ட வேண்டும். 1.2 காட்டினால் கன்ட்ரோலரின் அளவுத் திருத்தத்தில் மைனஸ் 1.2 போட்டால் சரி. எண் ஒரே இடத்தில் நிற்காமல் குதித்தால் முனைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அதைத் திருத்திப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

கம்ப்ரசர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கிறதா? கன்ட்ரோலரில் அனுமதிக்கும் வித்தியாசம் (இலக்கைவிட எத்தனை டிகிரி விலகினால் கம்ப்ரசர் கிளம்பும் என்பது) 0.3 என்று இருந்தால் அப்படித்தான் ஆகும். அதை 0.5 அல்லது 1 ஆக்குங்கள். கம்ப்ரசர் தாமதத்தை 5 நிமிடமாவது வையுங்கள். நின்ற உடனே திரும்பக் கிளம்பச் சொன்னால் கம்ப்ரசர் திணறும்.

ஹீட்டர் பெல்ட்டும் (வாளியைச் சுற்றிக் கட்டிச் சூடாக்கும் பட்டை) மாட்டியிருந்தால், அதுவும் ஃப்ரிட்ஜும் மாறி மாறி மல்லுக்கட்டுகின்றனவா என்று ஒரு மணி நேரம் கவனியுங்கள். ஃப்ரிட்ஜ் நின்ற பிறகும் உள்ளே குளிர் மிச்சம் இருக்கும். பீர் இலக்கைத் தாண்டி இறங்கும், ஹீட்டர் விழிக்கும், சூடு தாண்டும், மறுபடி ஃப்ரிட்ஜ். வெயில் காலத்தில் நான் ஹீட்டரைக் கழற்றியே வைத்துவிடுவேன்.

திரையில் குளிர்விக்கும் விளக்கு அணைந்தும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். கன்ட்ரோலர் கேட்டும் குளிரவில்லை என்றால், ஃப்ரிட்ஜின் சொந்தத் திருகு அதிகக் குளிரில் இருக்கிறதா பாருங்கள். அது குறைவாக இருந்தால் ஃப்ரிட்ஜ் தானே முந்திக்கொண்டு நின்றுவிடும். பிறகு கதவு ரப்பர்: ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே குளிர் கசிகிறது.

அந்த 5 டிகிரி பீரைக் கொட்டவில்லை. குளிரில் ஈஸ்ட் சாகாது, அடியில் படிந்து தூங்கும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜை நிறுத்தி, ஹீட்டரை மாட்டி, ஒரு நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக 20க்கு ஏற்றினேன். மூடியைத் திறக்காமல் வாளியை லேசாகச் சுழற்றிப் படிவைக் கலக்கிவிட்டேன். இரண்டாம் நாள் இரவு ஏர்லாக்கில் முதல் குமிழி வந்தது. குமிழியை மட்டும் நம்பாமல் ஹைட்ரோமீட்டரும் (பீரின் அடர்த்தியை அளப்பது, சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்) போட்டுப் பார்த்தேன். 1.030இல் நின்றிருந்தது ஒரு வாரத்தில் 1.012க்கு இறங்கியது.