கைபேசியில் அந்தத் தேடலைக் கண்டால்

வீட்டில் ஒருவருடைய கைபேசியைத் தற்செயலாக எடுக்கும்போது, அவர் சாவைப் பற்றித் தேடியிருப்பது கண்ணில் பட்டால், பதற்றம் அடங்கும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். கைபேசியைப் பிடுங்கி வைப்பதும் தேடியதை அழித்துவிடுவதும் அடுத்த முறை அவர் இன்னும் மறைவாகத் தேடுவதற்கே வழிவகுக்கும். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதில் தவறில்லை; அதோடு நின்றுவிடக் கூடாது.

தேடுகிறவர்கள் எல்லோரும் சாக முடிவெடுத்தவர்கள் அல்லர். செய்தியைப் படித்தவரும், நண்பருக்காகக் கவலைப்படுபவரும்கூடத் தேடுவார்கள். ஆனால் இரவில் வெகுநேரம் திரும்பத் திரும்பத் தேடுவதோடு, தூக்கம் கெடுவதும், ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுப்பதும், ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்ற பேச்சும் சேர்ந்தால் அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மஞ்சக்குப்பத்தில் பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருக்கும் மகனிடம் ஒரு தாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: “மணி பார்க்க உன் போனை எடுத்தேன் கண்ணு, நீ தேடுனது கண்ணுல பட்டுது. செத்துப்போயிடலாம்னு தோணுதா?” நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. அவன் பேசாமலிருந்தால், அந்த மௌனத்தை அறிவுரையால் நிரப்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மதிப்பெண் பேச்சை அன்று எடுக்கவே கூடாது.

‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் பூட்டிவைத்து, சாவியை வேறொரு வீட்டில் கொடுத்துவிடுங்கள். இத்தகைய தேடலுக்குக் கூகுளே முடிவுகளின் மேலே உதவி எண்ணைக் காட்டுகிறது. அழைக்கத் தயங்குபவருக்கு நீங்களே எண்ணைப் போட்டுக் கொடுக்கலாம். நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஆபத்து உடனடியானது என்று தோன்றினால் 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். புதுச்சேரியில் ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது.

போலீஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சித் தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு அஞ்சுவோர் ஒன்றை அறிய வேண்டும்: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் லட்சம் பேருக்கு நாடு முழுவதும் 12.4 தற்கொலைகள், புதுச்சேரியில் 29.7. இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த துன்பமன்று.

மருத்துவர் மறுபடி வரச் சொன்ன தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நீங்களே உடன் செல்லுங்கள்.